உக்காரு, சிட், அமருடா ராசா

(கோவில்பட்டி. சாயங்காலம் ஐந்தரை மணி. செல்வத்தின் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மின்னல், ஐந்து மாதச் சிப்பிப்பாறை வேட்டைநாய்க் குட்டி. எந்த முனையில் எஜமான் என்று தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் அண்ணாச்சி.)

செல்வம்: அண்ணாச்சி, அடுத்த மாசம் நாய்களுக்குத் தடை தாண்டுற போட்டி வருதாம். மின்னலைச் சேத்துவிடப் போறேன்.

அண்ணாச்சி: பேர் சொன்னா திரும்பிப் பாக்குதா?

செல்வம்: பசிச்சா பாக்கும்.

அண்ணாச்சி: எஃப்.சி.ஐ.ன்னு நாய்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கு, அதோட விதிப்படி 18 மாசம் ஆகாத நாயைக் களத்துலயே விடமாட்டாங்கப்பா.

செல்வம்: நேத்து திண்ணையில இருந்து மூணடி குதிச்சுதே!

அண்ணாச்சி: அடப்பாவி! எலும்பு முனையெல்லாம் இன்னும் குருத்து. இப்ப குதிக்க விட்டா பிறகு நொண்டும். ஒரு குச்சியைத் தரையில போடு, அதைத் தாண்டி நடக்கட்டும். இந்த வயசுக்கு அதான் உயரம் தாண்டுதல். சரி, உக்காரச் சொல்லு பாப்போம்.

செல்வம்: மின்னல், உக்காரு! உக்காரு! உக்காருன்னா! டேய், உக்காருடா!

(மின்னல் உட்காருகிறது.)

செல்வம்: பாத்தீங்களா!

அண்ணாச்சி: பாத்தேன். நீ சொல்லிக்குடுத்த வார்த்தை ‘உக்காரு’ இல்ல. ‘உக்காரு உக்காரு உக்காருன்னா டேய் உக்காருடா.’ பேச்சு முடியுற வரைக்கும் பொறுமையாக் கேட்டுட்டு உக்காருது. மரியாதை தெரிஞ்ச நாய்.

செல்வம்: வீட்டுல யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி.

அண்ணாச்சி: என்ன சொல்லுதாங்க?

செல்வம்: நான் ‘உக்காரு’. பையன் ‘சிட்’. அம்மா ‘அமருடா ராசா’. வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லமாட்டா, முறைப்பா.

அண்ணாச்சி: அதுக்கு மட்டும் உடனே உக்காருமே?

செல்வம்: எப்படித் தெரியும்?

அண்ணாச்சி: அது ஒண்ணுதான் அந்த வீட்டுல மாறாம இருக்கு. ஒரு வார்த்தையை முடிவு பண்ணி அடுப்படிச் சுவத்துல எழுதி ஒட்டு. ஆனா வார்த்தை கடைசிலதான். முதல்ல தீனியை மூக்குக்கு நேரா வச்சு, மெதுவா தலைக்கு மேல பின்பக்கமா கொண்டு போ. தலை மேல போனா பின்பக்கம் தானா இறங்கும். கையை ரொம்பத் தூக்கிராத, எவ்விரும். அடிப்பக்கம் தரையைத் தொட்ட நொடி ‘சபாஷ்’ சொல்லு, ஒரு வினாடிக்குள்ள தீனியைக் குடு.

செல்வம்: கொஞ்சம் லேட்டானா?

அண்ணாச்சி: மூணு வினாடில அது எந்திரிச்சிருக்கும். எந்திரிச்சதுக்குக் கூலி குடுத்த கணக்காயிரும். பத்துல எட்டு தடவை கைக்கு உக்காந்தா, அப்புறம் வார்த்தையைச் சேரு. ஒரே தடவைதான் சொல்லணும்.

செல்வம்: (பிஸ்கட்டை எடுத்து) இப்பவே ஆரம்பிச்சிருவோம்.

அண்ணாச்சி: முழு பிஸ்கட்டா? அது தின்னு முடிக்கதுக்குள்ள எதுக்குக் குடுத்தோம்னு உனக்கே மறந்துரும். உப்பு, மசாலா இல்லாம வேகவச்ச கோழிக்கறி, பாதி நிலக்கடலை அளவு போதும். அந்த அளவைச் சாப்பாட்டுல கழிச்சிரு. ஒரு தடவைக்கு மூணு நிமிசம், நாளைக்கு மூணு தடவை. அது சலிக்கதுக்கு முன்னாலயே நிறுத்திரணும்.

செல்வம்: எனக்கு முதல் நிமிசத்துலயே சலிச்சிருதே.

அண்ணாச்சி: அது நாயோட குத்தம் இல்ல.

(தெருமுனையில் ஒரு ஆடு. மின்னல் பாய்கிறது. பின்னாலேயே செல்வமும்.)

அண்ணாச்சி: நில்லு! கயிறு இறுகினா கல்லு மாதிரி நில்லு. தொய்ஞ்சா நட.

செல்வம்: அப்படி நின்னா கடைத்தெருவுக்குப் போக ஒரு மணிநேரம் ஆகுமே!

அண்ணாச்சி: ஆகட்டும். ஒம்போது தடவை நின்னுட்டு, பத்தாவது தடவை அவசரம்னு இழுத்த பக்கம் போனேன்னு வையி, அதுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. இன்னும் நூறு தடவை இழுத்துப் பாக்கும்.

செல்வம்: அவுத்து விட்டுட்டுக் கூப்பிட்டா?

அண்ணாச்சி: கண்ணால இரை பாத்து ஓடுற சாதி இது. ஓடுற ஆட்டைக் கண்டா காது அடைச்சிரும். பத்து மீட்டர் கயிறு கட்டிப் பழக்கு. கழுத்துல மாட்டாத, மார்ப்பட்டையில மாட்டு. கூப்பிட்டா வருதா?

செல்வம்: எங்க வருது? ‘வா’ன்னு சொன்னாலே கட்டிலுக்கு அடில போயிரும்.

அண்ணாச்சி: எதுக்குக் கூப்பிடுவ?

செல்வம்: குளிப்பாட்ட. இல்லாட்டி கட்டிப்போட.

அண்ணாச்சி: நானா இருந்தாலும் கட்டிலுக்கு அடிலதான். பத்து தடவை கூப்பிட்டா ஒம்போது தடவை தீனி குடுத்து, மறுபடியும் விளையாட விடு. குளிப்பாட்டணும்னா நீயே போயி தூக்கிட்டு வா. கையில சிக்காம ஓடுச்சுன்னா துரத்தாத, எதிர்ப்பக்கமா ஓடு. உன்னைத் துரத்திட்டு வரும்.

செல்வம்: ஊர் என்ன நினைக்கும்?

அண்ணாச்சி: இப்ப மட்டும்?

செல்வம்: ராத்திரிக் குரைப்புக்கு ஒரு வழி சொல்லுங்க. குரைச்சா பால்சோறு வச்சிட்டு இருந்தோம். போன வாரம் கண்டுக்காம விட்டுப் பாத்தோம். ரெண்டு நாள்ல இன்னும் கூடிருச்சு.

அண்ணாச்சி: கூடத்தான் செய்யும். வழக்கமாக் கிடைச்சது கிடைக்கலேன்னா முதல்ல சத்தத்தைக் கூட்டிப் பாக்கும், பிறகுதான் விடும். படுக்கதுக்கு முன்னால ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக வச்சிட்டு, காதை மூடிட்டுப் படு. மூணாம் நாள் என்ன செஞ்சீங்க?

செல்வம்: ‘பச்சப்புள்ள தொண்டை கட்டிக்கும்’னு அம்மா பால்சோத்துல முட்டையும் சேத்து வச்சிட்டாங்க.

அண்ணாச்சி: பிரமாதம். இனிமே மூணு நாள் விடாமக் குரைச்சா முட்டைன்னு படிச்சிருக்கும்.

(மின்னல் செல்வத்தைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைக்கிறது. செல்வத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது.)

அண்ணாச்சி: சபாஷ்!

செல்வம்: (மகிழ்ச்சியாக) எனக்கா அண்ணாச்சி?

அண்ணாச்சி: மின்னலுக்கு. ஒரே சத்தம், ஒரே தடவை. உன் கை ஒரு வினாடிக்குள்ள வந்துருச்சு பாரு!