கப்பல் ஓசை கேட்டதும் திமிங்கிலம் விலகிவிடாது

அண்ணா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றி, "திமிங்கிலத்துக்குக் காது கூர்மை, எஞ்சின் ஓசை கேட்டால் தானே விலகிவிடும், வேகத்தைக் குறைப்பது வீண்செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள். காது கூர்மை என்பது சரி. மற்றது தவறு.

கேட்பது வேறு, ஆபத்து என்று உணர்வது வேறு. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் என்ற இனத்துக்குக் கப்பல் ஓசையை ஒலிபரப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவை அதைப் பொருட்படுத்தவே இல்லை. எச்சரிக்கை ஒலி எழுப்பியபோதோ நீர்மட்டத்தை நோக்கி ஏறின, அதாவது கப்பல் மோதக்கூடிய இடத்துக்கே! தவிர, சுழல்விசிறி இருப்பது கப்பலின் பின்புறம். நீண்ட உடற்பகுதி ஒலியை மறைப்பதால் முன்பக்கத்தில், நீர்மட்டத்தின் அருகே, ஓசை குறைந்துவிடுகிறது.

வேகம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. மோதல் மரணத்தில் முடியும் வாய்ப்பு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் சுமார் 80 சதவீதம், 8.6 நாட் (சுமார் 16 கி.மீ.) வேகத்தில் சுமார் 20 சதவீதம் என்று 2007இல் வெளியான கணக்கு சொல்கிறது. மெதுவாகப் போனால் எரிபொருளும் மிச்சமாகும், எனவே வெறும் செலவு என்பதும் பொருந்தாது.

நம் கரையோரம் ஜூன் முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் போய்வருகின்றன. திரும்பும்போது குட்டிகளும் உடன் வரும். செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து ஏராளமான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நம் கடல் வழியாகப் போகத் தொடங்கின. இந்த நேரத்தில் "தானே விலகிவிடும்" என்று சொல்வது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் பாதையை மாற்றலாம். இலங்கையின் தென்கரையில் நீலத் திமிங்கிலங்களுக்காக எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களை மேலும் தெற்கே நகர்த்தியது.