"ரோடு போட எதுக்கு அண்ணாச்சி ஆராய்ச்சி?"

மே தினத்தன்று எங்கள் ஊர் கிராம சபையில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. அந்த நாற்பது விநாடி வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. நான் எழுந்து, "போன தடவை இந்த ரோடு போட்டப்ப அடிமண்ணை டெஸ்ட் பண்ணினீங்களா, அந்த ரிப்போர்ட் எங்க?" என்று கேட்கிறேன். "ரோடு போட எதுக்கு அண்ணாச்சி ஆராய்ச்சி? ஜல்லியும் தாரும் பத்தாதா?" என்று பதில் வருகிறது. கூட்டம் சிரிக்கிறது. வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் பேசிய ஐந்து நிமிடம் யார் போனிலும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதில் சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். அவர் மேல் கோபம் இல்லை என்று முதலில் ஒரு வரி எழுதினேன், அழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள், அது வேறு வலி.

நான் கேட்டது புதிதாக ஆராய்ச்சி செய்யுங்கள் என்றா? செய்து முடித்த ஆராய்ச்சி எங்கே போனது என்றுதானே கேட்டேன்! நம் நாட்டில் சாலை ஆராய்ச்சிக்குப் பஞ்சம் கிடையாது. யார் எதைச் செய்தார்கள், அது எந்த எஸ்டிமேட்டில் ஏறியது என்று கணக்கு வைத்துக் கேட்க ஆள் கிடையாது. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

எங்கள் ஊர் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். மழை பெய்தால் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் கை நுழையும். அந்த மண் மேல் எதுவும் செய்யாமல் ஜல்லியைக் கொட்டித் தார் ஊற்றினால், முதல் கோடையிலேயே ரோட்டின் ஓரமாக நீளவாக்கில் கோடு விழும். அடுத்த மழையில் அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் இறங்கும். அதோடு ரோட்டின் கதை முடிந்தது. அந்த நீளக் கோட்டில் பைக் டயர் மாட்டினால் என்ன ஆகும் என்று இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மருந்தும் தெரியும். கரிசலைப் பொடியாக்கிச் சுண்ணாம்பு கலந்து இறுக்க வேண்டும். சாலைக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) கரிசலைச் சுண்ணாம்பு கலப்பதற்காக எப்படிப் பொடியாக்குவது என்று தனியாக ஒரு நெறிமுறையே போட்டிருக்கிறது. எந்த வருடம்? 1973. நான் கைக்குழந்தையாக இருந்த வருடம்.

அதே 1973-இல்தான் அந்தப் பேராயத்தின் கீழ் நெடுஞ்சாலை ஆராய்ச்சி வாரியமும் வந்தது. நாட்டில் எந்த ஆராய்ச்சி தேவை என்று பார்ப்பது, பல இடங்களில் நடக்கிறதை ஒன்றோடு ஒன்று பொருத்துவது, முடிவுகளைப் பரப்புவது, இவையே அதன் வேலை. இந்தியாவில் நடந்த சாலை ஆராய்ச்சிகளைத் தொகுத்து அறிக்கையும் போடுகிறார்கள். ஆக, "ஒருங்கிணைக்க அமைப்பே இல்லை" என்று நான் சொன்னதாகப் பரப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அமைப்பு இருக்கிறது. அந்த அறிக்கையில் உள்ளது ஒரு யூனியன் அலுவலகத்தின் எஸ்டிமேட்டில் ஏறவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? அங்கேதான் யாரும் இல்லை.

இன்னும் பின்னால் போனால், 1927-இல் சாலை வளர்ச்சியைப் பற்றி ஆராய ஜெயகர் குழு அமைத்தார்கள். சாலை வளர்ச்சியை நாடு முழுமைக்குமான பொறுப்பாகப் பார்க்க வேண்டும், பெட்ரோல் மேல் கூடுதல் வரி போட்டுச் சாலை நிதி திரட்ட வேண்டும், தொழில்நுட்பம் பேச ஓர் அமைப்பு வேண்டும், ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. நிதி 1929-இல் வந்தது. அதில் மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்ட பங்கு எதற்கெல்லாம் என்று பாருங்கள், ஆராய்ச்சியும் அதில் ஒன்று. பேராயம் 1934-இல் வந்தது. டெல்லியில் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1952-இல்தான் திறந்தது. குழு அமைத்ததிலிருந்து கட்டடம் வரை 25 வருடம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, பெட்ரோல் காசில் ஆராய்ச்சிக்கும் பங்கு வேண்டும் என்று புரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது.

சரி, இப்போது யார் யாரிடம் இருக்கிறது பாருங்கள். டெல்லி நிறுவனம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் கீழ். தேசிய நெடுஞ்சாலை தனி அமைச்சகம். கிராமச் சாலை ஊரக வளர்ச்சி. நகரப் போக்குவரத்து வீட்டுவசதி அமைச்சகம். ரயில்வேக்கு லக்னோவில் தனி ஆராய்ச்சி அமைப்பு. கிண்டியில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம் 1957-இலிருந்து இருக்கிறது, நல்ல வேலை செய்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம், நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள். எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை ஏறுவதற்குள் மூன்று துறையின் ரோட்டைத் தாண்டுகிறோம். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கரிசல்.

இதில் ரயில்வேயை மட்டும் பாராட்ட வேண்டும். லக்னோவிலிருந்து ஒரு விவரக்குறிப்பு வந்தால் குமரியிலிருந்து காஷ்மீர் வரை அதுதான். எங்கள் கரிசலைக் கிழித்துக்கொண்டுதான் ரயிலும் போகிறது. அங்கே கரை எப்படிக் கட்டுவது, மேலே எந்த மண்ணை எத்தனை கனத்தில் பரப்புவது என்று ஒரே இடத்திலிருந்து சொல்கிறார்கள், கட்டுகிறவர் கேட்டே ஆக வேண்டும். ரோட்டுக்கு அது முடியாதா?

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். "இவர் என்ன இன்ஜினியரா?" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். இல்லை தம்பி. ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை லேபில் உதவியாளராக இருபத்தி இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மண்ணை அச்சில் இடித்து, நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து அமுக்கி, எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்கும் சி.பி.ஆர். டெஸ்ட்டை என் கையால் எத்தனை நூறு தடவை செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் கரிசல் இரண்டு சதவீதம் காட்டும், மிஞ்சினால் மூன்று. சுண்ணாம்பு கலந்த பிறகு அதே மண் ஏறுவதைப் பார்க்கும்போது, அத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் கடைசி வருடப் பிள்ளைகள் இதே கரிசல், இதே சுண்ணாம்பு என்று புராஜெக்ட் செய்வார்கள். சில வருடம் சாம்பல் கலப்பார்கள். கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து. அலமாரியில் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளை கேட்டது: "அண்ணா, மூணு வருஷம் முன்னாடி சீனியர்ஸ் செஞ்ச அதே டேபிள்தானே எனக்கும் வருது, பின்ன நான் எதுக்குச் செய்றேன்?" என்னிடம் பதில் இல்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் அதே வருடம் அதே மண்ணில் அதே புராஜெக்ட் நடந்தது பிற்பாடுதான் தெரிந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி ரோடு போடும் அலுவலகம் ஒன்று இருந்தது. அத்தனை வருடத்தில் ஒருவர்கூட வந்து அந்த அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அடுத்து, "எல்லாம் கான்ட்ராக்டர் கமிஷன் அண்ணாச்சி, ஆராய்ச்சி என்ன பண்ணும்?" என்பவர்களுக்கு. கமிஷன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் சுண்ணாம்பே இல்லாதபோது உத்தமமான கான்ட்ராக்டர் வந்தாலும் எதைப் போடுவார்? எம்.புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், எழுதியதை அப்படியே போட்டாலும் கரிசலில் அந்த ரோடு வெடிக்கத்தான் செய்யும். திருட்டைத் தனியாகப் பிடியுங்கள். திருட்டு இருக்கிறது என்பதற்காக மண்ணைப் பார்க்காமல் ரோடு போடலாமா?

"அமெரிக்காவைப் பார்த்துப் பேசாதீங்க, அவன் பணக்காரன்" என்பது அடுத்தது. பணக்காரன்தான். ஆனால் அவன் பணத்தை எப்படிக் கட்டி வைத்தான் என்று பாருங்கள். 1991-இல் போட்ட சட்டப்படி, மத்திய அரசு மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைக்காகக் கொடுக்கும் பணத்தில் 2 சதவீதத்தைத் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கியே தீர வேண்டும், அதில் குறைந்தது கால்வாசி ஆராய்ச்சிக்கே போக வேண்டும். இப்போது எந்த மாநிலத்தில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று யாரும் தேடிப் பார்க்கப் பொதுப் பட்டியல் இருக்கிறது. மாநிலங்கள் காசைச் சேர்த்துப் போட்டுப் பொதுவான பிரச்னையை ஆராயும் திட்டம் 1962-இலிருந்து ஓடுகிறது. 1987-இல் ஐந்து வருடத்துக்கு 15 கோடி டாலர் ஒதுக்கி, தார், கான்கிரீட் என்று குறிப்பிட்ட சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதோடு சேர்த்துத் தொடங்கியதில், அமெரிக்கா, கனடா இரண்டிலும் 2,500-க்கு மேற்பட்ட சாலைத் துண்டுகளை வருடக்கணக்காகக் கண்காணித்தார்கள். எது எப்போது வெடித்தது, எது தாங்கியது என்று. இந்தத் துண்டுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அதற்கும் முன்னால், 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம் வளைய வளையமாக ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரி ஓட்டினார்கள். 11 லட்சம் தடவைக்கு மேல் லாரியின் சக்கர அச்சுச் சுமை அந்த ரோட்டில் ஏறியது. அதில் கிடைத்ததுதான் நான்காம் படிக் கணக்கு. அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுச் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழப் பதினாறு மடங்கு. நம் நாட்டு வடிவமைப்புக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது 2018-க்கு வாருங்கள். லாரிகளின் அனுமதி எடையைக் கூட்டினார்கள். நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. நான்காம் படி போட்டுப் பாருங்கள், அச்சுக்கு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் சேதம். ஒரே தடவையில் அதிகம் ஏற்றுவதால் லாரி போய்வரும் நடை குறையும் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சேதத்தை ஈடுகட்டும் அளவுக்கு நடை குறையப் போவதில்லையே. லாரிக்காரர்களுக்கு அது வாழ்வாதாரம், அவர்களைக் குறை சொல்லவில்லை. பழைய எடைக்குப் போட்ட கிராமத்து ரோடுகள் இதை எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, அதற்கான பணத்தையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டாமா? கல் குவாரி லாரி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

ஒன்றுசேர முடியாது என்றும் சொல்லாதீர்கள். விபத்து விவரங்களுக்காக ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய செயலியில் போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் நான்கும் ஒரே இடத்தில் பதிகின்றன. 2022-இல் இந்தச் சாலைகளில் 1,68,491 பேர் செத்த நாடு இது. செத்த பிறகு நான்கு துறை ஒரே இடத்தில் எழுத முடிகிறது என்றால், ரோடு போடும் முன்னால் மண்ணைப் பற்றி எழுத ஏன் முடியாது?

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். வீடியோவில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அவர் கையால் காசு வாங்கி மிட்டாய் தின்றவர்கள். அப்பா சாலைப் பணியாளர். தார் தெறித்த தழும்பு இரண்டு கையிலும் இருக்கும். எட்டாம் வகுப்பு. அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. "14/6, இடது ஓரம், வெடிப்பு, ஐப்பசி." "15/2, பாலத்துக்கு வடக்க, மூணாம் தடவ." கல் நம்பர் போட்டு, எந்த இடம் எந்த மாதம் உடைந்தது, எத்தனை தடவை பேட்ச் போட்டார் என்று பதினாறு வருடம் எழுதியிருக்கிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. "எதுக்குப்பா இது?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எய்யா, உடையுற இடத்துலயேதான் உடையுது. மேல வாரவங்க யாராவது கேட்டா சொல்லணும்லா" என்றார்.

கோடிக்கணக்கான டாலரில் 2,500 துண்டுக்குச் செய்ததை எங்கப்பா ஒரு கோடு போட்ட நோட்டில், சொந்தக் காசில் பேனா வாங்கி, தன் கையிலிருந்த சில கிலோமீட்டருக்குச் செய்தார். மேலே இருந்து யாரும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு அந்த நோட்டை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "இத வச்சு நாங்க என்ன சார் பண்ண?" என்று, பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்கள். வாங்கி வைக்க அவர்களிடம் ஒரு ஃபைல்கூட இல்லை.

போன மாதம் எங்கள் ரோட்டை டேப் வைத்து அளந்து பார்த்தேன். 14/6, இடது ஓரம். அதே இடத்தில் வெடித்திருக்கிறது. அதைத்தான் கிராம சபையில் சொல்ல எழுந்தேன். நோட்டு அப்போது என் கையில்தான் இருந்தது, வீடியோவில் உற்றுப் பார்த்தால் தெரியும்.

புது ரோட்டுக்கு டெண்டர் விடப் போவதாகச் சொல்கிறார்கள். எஸ்டிமேட் போடுகிற ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) யாராக இருந்தாலும், அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு மெசேஜ் போடுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். மண்ணும் ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.