கடம் ஊறுகாய் இல்லைங்க

நேற்று மேடையில் ஒரு குழு வாசித்ததும் நடுவர் பேசினாரே, ராத்திரியிலிருந்து அந்த வீடியோவைத்தான் எல்லாரும் பகிர்கிறீர்கள். "டிரம்ஸோட வயலினும் கடமும் சேர்ந்தா அதான் ஜாஸ் ஃபியூஷன்." கைதட்டல் வேறு!

சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஜாஸோடு ராக், ஃபங்க் கலந்த ஃபியூஷன் ஆகிவிடாது. விஷயம் கருவியில் இல்லை, தாளத்தின் நடையில் இருக்கிறது.

ஜாஸ் டிரம்மர் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் பெரிய தட்டை, ரைடு சிம்பலை, கேளுங்கள். ஓர் அடியை ஏறக்குறைய மூன்றாகப் பிரித்து, முதல் தட்டுக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. திஸ்ரத்தில், அதாவது அடிக்கு மூன்று நடையில், நடுவை விழுங்கின மாதிரி. அதுதான் ஸ்விங். ஃபியூஷனில் பெரும்பாலும் அது இருக்காது. ராக், ஃபங்க் வழியாக வந்த சமபங்கு நடை, அடிக்கு நாலு. அடியில் ஒலிக்கும் கனத்த சுர வரிசையான பாஸும் மாறும். ஜாஸில் அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருப்பது, இங்கே ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 1973 ஆல்பம் 'ஹெட் ஹன்டர்ஸ்', அதன் முதல் பாட்டைப் போடுங்கள். அந்த பாஸ் சின்தசைசரில் வாசித்தது. பாட்டு தொடங்கி வெகுநேரம் இரண்டே கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). மேலே டோரியன் என்ற சுர வரிசை, அதாவது நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். கார்டு அந்த இரண்டைத் தாண்டி நகராததால்தான் தனி வாசிப்பவர் அந்தச் சுரங்களுக்கு வெளியே போய்த் திரும்ப முடிகிறது.

நம்மூர்க் குழுக்கள் சொதப்புவது எங்கே? கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவிட்டு ஐந்து சுர கார்டை அப்படியே அடிப்பது. சுரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். இரண்டு, மூன்று சுரம் போதும், மிச்சத்தை ரோட்ஸ் என்ற மின் பியானோ பார்த்துக்கொள்ளும்.

"ஃபியூஷன் பக்கம் போனதற்கு டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸையே ஜாஸ்காரர்கள் திட்டினார்களே?" திட்டினார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் ஃபியூஷன்காரர்களில் நிறையப் பேர் வேகம் காட்டவே வாசித்தார்கள் என்பதும் உண்மை. "உனக்கு மட்டும்தான் இசை தெரியுமா?" ஆமாம், போங்கள்.

மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஃபியூஷன் குழுவில் மின்கிதாரைக் கொளுத்திய அதே ஜான் மெக்லாக்லின், அடுத்து 'சக்தி' குழுவில் அகூஸ்டிக் கிதாரோடு தரையில் உட்கார்ந்தார். டிரம்ஸே கிடையாது. எல். ஷங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். தாளக் கணக்கும், சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் அந்த இசையின் எலும்பு. அங்கே கடம் தொட்டுக்க வைத்தது இல்லை.

நேற்று மேடையில் கடத்துக்குக் கொடுத்தது எட்டு விநாடி. அதையும் டிரம்ஸ் முழுங்கிவிட்டது. பானைக்கு முன்னால் இருந்த மைக்கை ஆன் செய்தார்களா என்றே சந்தேகம்.