குமிழி நின்றால் புட்டியில் அடைக்கலாம் என்பது தவறு

வீட்டில் பியர் காய்ச்சும்போது, நொதிக்கும் வாளியின் மூடியில் வாயு குமிழியாக வெளியேற வைக்கும் சிறு நீர் அடைப்புதான் ஏர்லாக். "ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, அப்படியென்றால் நொதித்தல் முடிந்தது, அன்றைக்கே புட்டியில் அடைக்கலாம்" என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது செய்தால் உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடிப் புட்டி வெடிக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஏர்லாக் காட்டுவது அழுத்த வித்தியாசத்தை மட்டும்தான். வாளி மூடி லேசாகக் கசிந்தால், ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும்போதும் குமிழி வராது. அறை சூடானால், எல்லாம் முடிந்த பியரிலும் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் குமிழி வரும். இரவில் குளிர்ந்தால் ஈஸ்ட் அப்படியே படுத்துவிடும். பெல்ஜியத்தின் சைசோன் என்னும் பியருக்கான ஈஸ்ட்டில் சில வகைகள், அடர்த்தி 1.030 பக்கம் வந்ததும் (தண்ணீர் 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும்) நின்று, பல நாள் கழித்து மறுபடி கிளம்புவதற்குப் பெயர்போனவை.

இந்த அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்புங்கள். 1.050-இல் தொடங்கிய சாதாரண ஏல் வகை பியர் 1.010 முதல் 1.014 வரை இறங்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறாமல், அதுவும் எதிர்பார்த்த இடத்தில் நின்றால்தான் முடிந்ததாகக் கொள்ளலாம். 1.020-இல் அடைத்தது பிறகு 1.012-க்கு இறங்கினால், பியரின் கன அளவைப் போல ஏறத்தாழ 4 பங்கு வாயு கூடுதலாகச் சேரும். சாதாரண பியர் புட்டியில் இருக்க வேண்டியதே சுமார் 2.5 பங்கு! அதற்கு மேல் அடைக்கும்போது போடும் சர்க்கரை வேறு.

அப்புறம், ஏற்கெனவே அவசரப்பட்டு அடைத்தவர்கள் கையுறையும் கண் கவசமும் போட்டுக்கொண்டு, புட்டிகளை உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள்.