வலியோடு ஓடினால் கால் எலும்பு இறுகுமா?

"மாரத்தான் பயிற்சியில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தால் எலும்பு இறுகுகிறது என்று அர்த்தம், நிறுத்தாமல் ஓடுங்கள்." கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. தவறு. இதை நம்பி ஒரு தம்பி நொண்டிக்கொண்டே ஓடியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டத்தின் சுமைக்கு ஏற்ப எலும்பு பலப்படும், சரி. ஆனால் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு பலவீனமாகத்தான் இருக்கும். அப்போது தார் ரோட்டில் தூரத்தைக் கூட்டினால் நுண்விரிசல் விழலாம்.

விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்ஓரம் நெடுக 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது ஓட்டச் சுமையால் முன்னெலும்பின் ஓரத்தில் வரும் வலி; விரிசல் இல்லை. ஓட்டத்தைக் குறைத்து சைக்கிள் மிதியுங்கள், நீந்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வலியைத் தணிக்கும். வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஓட ஆரம்பிக்கலாம்.

ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி தொடர்ந்தால் மறுபடி போய்ச் சொல்லுங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும்.