மசாய் மாராவில் நாங்கள் கெடுத்த ஒரு வேட்டை

கென்யா போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. போட்டோ எங்கே, வீடியோ எங்கே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் போடுகிறேன் போடுகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதிவு நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், அறுபத்தாறு வயது அம்மா. ஆகஸ்ட் மாதம், எட்டு நாள். முதலில் கைக்கு வந்த திட்டத்தில் இந்த எட்டு நாளைக்குள் நைரோபி, அம்போசெலி, நகுரு, நைவாஷா, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் என்று ஐந்து இடம் இருந்தது. தாளில் பார்க்க ஜோராகத்தான் இருந்தது, மேப்பை விரித்து மணிக்கணக்குப் போட்டதும் பாதி நாள் வண்டிக்குள்ளேயே கழியும் என்று தெரிந்தது. அம்மாவின் முழங்கால் அதற்குத் தாங்காது. அம்போசெலியையும் நகுருவையும் அடித்துவிட்டு, நைரோபியில் இரண்டு இரவு, நைவாஷாவில் ஒன்று, மாராவில் நான்கு என்று மாற்றினோம். அம்போசெலி இல்லை என்றதும் கிளிமஞ்சாரோவைப் பின்னால் வைத்து யானைக் கூட்டத்தை எடுக்கும் அந்தப் பிரபலமான படமும் இல்லை. மகள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இருந்தாலும் மறுபடி போனால் இதையேதான் செய்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாராவில் இரண்டாம் நாள் காலை, ஆறரை மணி இருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்றுதான் பேர், இடம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, விடியற்காலையில் பல் தந்தியடிக்கிறது. ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஓட்டுநரின் ரேடியோ கரகரவென்றது. ஸ்வாஹிலியில் ஏதோ வேகமான பேச்சு, அதில் 'டுமா' என்ற ஒரு சொல்லை மட்டும் மகன் பிடித்துக்கொண்டு துள்ளினான். முதல் நாளே ஓட்டுநரிடம் பட்டியல் வாங்கி வைத்திருந்தான். சிம்பா என்றால் சிங்கம், ட்விகா ஒட்டகச்சிவிங்கி, டெம்போ யானை (இதற்கு அரை மணி நேரம் சிரித்தான்), சூயி சிறுத்தை, டுமா சிவிங்கிப்புலி. நாம் இந்தக் கடைசி இரண்டையும் சிறுத்தை என்றே எழுதித் தள்ளுகிறோம். கண்ணிலிருந்து வாய் வரைக்கும் அழுது வழிந்த மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் அது சிவிங்கிப்புலி, சீட்டா. கோடு இல்லாமல், உடம்பெல்லாம் பூப்பூவாக இருந்தால் சிறுத்தை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினேழு வண்டி நின்றது. எண்ணினேன். கிளம்பும்போது இருபத்தாறு. வேட்டையாடும் விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவின் விதி. 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் விதி.

ஒரு கரையான் புற்றின் மேல் தாய் உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு குட்டி, முதுகில் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரி முடியோடு. தூரத்தில் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் புற்றிலிருந்து இறங்கி, தலையைத் தாழ்த்தி, ஒரு காலை வைத்து நிறுத்தி, அடுத்த காலை வைத்து நிறுத்தி, அப்படியே புல்லோடு புல்லாக நகர ஆரம்பித்தது. தோள்பட்டை எலும்பு மட்டும் ஏறி இறங்குவது தெரிகிறது. வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது எங்களுக்கு இடப்பக்கம் ஒரு வேன் ஸ்டார்ட் ஆகி முன்னால் போய் மறைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "நாமளும் கொஞ்சம் முன்னால போகச் சொல்லு." நான் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு நொடி என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா, அவர்களும் எடுத்தார்கள். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எகிறிக் குதித்து ஓடிவிட்டது.

தாய் ஓடக்கூட இல்லை. நின்று, உட்கார்ந்து, அப்புறம் படுத்துவிட்டது. குட்டிகள் குருவிக் குஞ்சு மாதிரி கீச்சுக் குரலில் கத்திக்கொண்டே அதனிடம் வந்தன. மகன் கேட்டான், "அம்மா, அது இன்னைக்கு என்ன சாப்பிடும்?"

என் போனில் இந்தக் காட்சி ஒரு நிமிடம் நாற்பது நொடி இருக்கிறது. படம் அருமையாக வந்திருக்கிறது. அதில் வீட்டுக்காரர் குரலும் என் குரலும் தெளிவாகக் கேட்கிறது. வீடியோவைப் போடாததற்கு இதுதான் காரணம்.

வந்த பிறகு தேடிப் படித்தேன். மாரா சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. சுற்றுலா நெருக்கம் குறைந்த இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. நெருக்கம் அதிகமான இடங்களில் அது வெறும் 0.2. ராத்திரியில் சிங்கமும் கழுதைப்புலியும் பிடித்த இரையைப் பிடுங்கிக்கொள்ளும் என்றுதான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. அந்தப் பகலிலும் காலை நேரம், சாயங்கால நேரம். நாமும் சரியாக அந்த நேரத்தில்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறோம்.

உடனே "ஓட்டுநர்கள் மோசம், ரேஞ்சர்கள் கண்டுகொள்வதில்லை" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள், தெரியும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஓட்டுநரிடமே கேட்டேன், விதி தெரிந்தும் ஏன் போனீர்கள் என்று. அவர் சுற்றி வளைக்கவில்லை. பக்கத்து வண்டி கிட்டப் போய் நான் போகாவிட்டால், என் வண்டியில் இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சிலர் ஆபீசுக்கே புகார் அனுப்புவார்கள், டிப்ஸ் குறையும், அடுத்த சீசனில் எனக்கு வண்டி கிடைக்காது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீங்களே சொன்னீர்களே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று யோசித்தால் அதில் பணக்கணக்கும் இருக்கிறது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாராவுக்குள் போக வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், ஒன்பது வயதிலிருந்து பதினேழு வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். எங்களுக்கு நாளொன்றுக்கு 650 டாலர், அதுவும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான். இவ்வளவு கொடுத்த பிறகு மனசு தானாகவே எண்ண ஆரம்பித்துவிடுகிறது. சிங்கம் ஆச்சு, யானை ஆச்சு, எருமை ஆச்சு, இன்னும் சிறுத்தையும் காண்டாமிருகமும் பாக்கி. இந்த 'பெரிய ஐந்து' பட்டியலே துப்பாக்கி தூக்கிய வேட்டைக்காரர்கள் போட்டது, நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை கஷ்டம், எவை ஆபத்து என்று. கென்யா வேட்டையை 1977இலேயே தடை செய்துவிட்டது. பட்டியல் மட்டும் டீ ஷர்ட்டில், சாவிக் கொத்தில், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற டிக் அடிக்கும் அட்டையில் இன்னும் ஓடுகிறது. அந்த அட்டையை மகள் கையில் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டோம். எண்ணிக்கை வேண்டாம், கிட்டப் போக வேண்டாம், ஐந்து வண்டிக்கு மேல் நின்றால் திரும்பிவிடலாம், டிப்ஸ் இவ்வளவு, இதில் மாற்றமில்லை. சஃபாரி போகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே இதைச் சொல்லிவிடுங்கள், நான் ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன். மனிதர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் ரேடியோ பின்னால் ஓடவில்லை, தனக்குப் பிடித்த இடங்களுக்குக் கூட்டிப்போனார்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. பத்து மணி வாக்கில் 'சூயி' என்று ரேடியோ அலறியது, அந்தப் பக்கம் புழுதி பறக்கிறது, எங்கள் வண்டி மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. மகள் மதியம் வரை பேசவில்லை. கடைசிவரைக்கும் சிறுத்தையையும் பார்க்கவில்லை, காண்டாமிருகத்தையும் பார்க்கவில்லை. மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற பெரிய மான்) கூட்டம் கடக்கும் காட்சிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம், ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, தண்ணீரை மோந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டன. இது சகஜமாம். 2025 ஜூலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் செரங்கெட்டியில் சுற்றுலாப் பயணிகள் வண்டியைவிட்டு இறங்கி ஆற்றங்கரையையே அடைத்துக்கொண்டு நின்ற வீடியோ பார்த்திருப்பீர்கள். அப்போது அவர்களைத் திட்டிக் கமெண்ட் போட்டவள் நான்.

கடைசி இரண்டு இரவு, ரிசர்வுக்கு வடக்கே இருக்கிற கன்சர்வன்சி ஒன்றில் தங்கினோம். மசாய் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்தைச் சேர்த்து, முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதாமாதம் வாடகை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. சிலவற்றில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அங்கே தங்குகிறவர்களின் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. செலவு கூடுதல், ஒளிக்கவில்லை. நகுருவையும் அம்போசெலியையும் விட்ட காசு அங்கே போனது. அந்த இரண்டு நாளில் ஒரு விலங்கின் பக்கத்தில் மூன்று வண்டிக்கு மேல் நான் பார்க்கவில்லை. பெண்சிங்கம் ஒன்று தூங்குவதை ஒரு மணி நேரம் பார்த்தோம். தூங்குவதைத்தான். வாலில் ஈ உட்கார்ந்தால் தட்டும், திரும்பிப் படுக்கும். மகன் அதைப் படமாக வரைந்தான், ஈயோடு சேர்த்து.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று நிறைய பேர் கேட்டீர்கள். போகலாம், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கழிப்பறை. காலையில் வண்டி ஏறினால் நான்கைந்து மணி நேரம் கண்ட இடத்தில் இறங்க முடியாது. அவசரம் என்றால் ஓட்டுநர்கள் 'டயர் செக் பண்ணணுமா' என்று நாசூக்காகக் கேட்பார்கள், சுற்றிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் விடுவார்கள். அம்மா முதல் நாள் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்து தலைவலியில் படுத்துவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து அவரே "டயர் பார்க்கணும்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஸ்வாஹிலியில் மரியாதைக்குரிய பெண்ணை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், ஓட்டுநர் அம்மாவை ஒவ்வொரு முறையும் "மாமா, மாமா" என்று கூப்பிட, பிள்ளைகளும் பாட்டியை மாமா ஆக்கிவிட்டார்கள். இன்றுவரை அந்தப் பேர் போகவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிடுங்கள், சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். நைரோபியில் அனாதை யானைக்குட்டிகளுக்குப் பால் புகட்டுவதைக் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் பார்க்க விடுகிறார்கள், முன்பதிவு அவசியம். நைவாஷா பக்கம் ஹெல்ஸ் கேட் பூங்காவில் வாடகை சைக்கிளில் போகலாம், வரிக்குதிரை கூட்டத்துக்கு நடுவே பெடல் மிதிக்கலாம். நாள்கணக்கில் வண்டியில் அடைந்து கிடக்கப்போகிற பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் இது நல்ல ஏற்பாடு.

அப்புறம், அந்த மூன்றாம் நாள், சிறுத்தையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனோமே, அங்கே ஓட்டுநர் திடீரென்று வண்டியை நிறுத்தினார். சாலை நடுவில் ஒரு சாண வண்டு. தன்னைவிடப் பெரிய உருண்டையைத் தலைகீழாக நின்று பின்னங்காலால் உதைத்து உருட்டிக்கொண்டு போகிறது. வண்டித் தடப் பள்ளத்தில் ஏற முடியவில்லை. ஏறுகிறது, உருண்டை சரிகிறது, வண்டும் சேர்ந்து உருள்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு "அப்படி இல்ல, இந்தப் பக்கமா போ" என்று அதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தில் இருந்த மகள்கூட எட்டிப் பார்த்தாள். ராத்திரியில் பால்வீதியின் வெளிச்சத்தை வைத்து நேர்கோட்டில் உருட்டிப்போகும் சாண வண்டு இனம் உண்டு என்று 2013இல் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை நான் அப்புறம் படித்துச் சொன்னபோது அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை, "அதோட பிடிவாதத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சது" என்றார்.

பதினோராவது தடவை ஏறிவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் ஓட்டுநரும் கை தட்டினோம். இப்போது வீட்டுக்கு யார் வந்து கென்யா எப்படி இருந்தது என்று கேட்டாலும் அம்மா இந்த வண்டில்தான் ஆரம்பிக்கிறார், கையால் உருட்டிக் காட்டுகிறார், பதினொரு தடவையும் சொல்லி முடிக்காமல் சிங்கத்துக்கு வரமாட்டேன் என்கிறார்.