சாதனை என்று ஓர் எண் வந்தால், அளந்தது எப்படி என்று கேளுங்கள்

டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று 2024 மே 29 அன்று செய்தி வந்தது. இந்தியாவின் வெப்பச் சாதனை முறிந்துவிட்டது என்று அன்றிரவுக்குள் நாடு முழுக்கப் பகிர்ந்து முடித்துவிட்டார்கள். அதே நாளில் டெல்லியின் மற்ற நிலையங்களில் உச்சம் 45.2 முதல் 49.1 வரைதான். சுற்றி இருக்கிற எல்லா நிலையமும் ஒன்று சொல்ல, ஒன்றே ஒன்று மட்டும் நாலு டிகிரி தள்ளி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான். வானிலை ஆய்வுத் துறை ஆள் அனுப்பி, தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தத் தானியங்கி நிலையத்தின் சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியிருந்தது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-ல் பதிவான 51.0 அப்படியே நிற்கிறது. ஆனால் 52.9 படம் இன்னும் ஒவ்வொரு கோடையிலும் சுற்றி வருகிறது.

சாதனைப் பட்டியல்களை விரும்பிப் படிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயரம், வெப்பம், வேகம், ஆட்சிக்காலம் எதுவானாலும், எண் பாதிதான். எங்கே, எதைக் கொண்டு, எந்த விதிப்படி அளந்தது என்பது மீதிப் பாதி. அந்த மீதியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் கையில் கொடுப்பது வாசகருக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வெப்பத்திலிருந்தே தொடங்குவோம். வானிலைக் கணக்கில் வெப்பநிலை என்றால் நிழலில் உள்ள காற்றின் வெப்பம். கருவி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெள்ளை அடித்த, காற்று புகுந்து வெளியேறும் சட்டங்கள் கொண்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஸ்டீவன்சன் பெட்டி என்பது அதைத்தான். கீழே தார் ரோடோ சிமென்ட் தளமோ இருக்கக் கூடாது. அந்த ஊரின் இயல்பான தரை இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய கார் எடுத்தவுடன் காட்டுகிற 49, கடைத்தெருவில் சுவரோடு ஒட்டிய டிஜிட்டல் பலகை காட்டுகிற 47, இவையெல்லாம் உலோகமும் சுவரும் சூடான கணக்கு. செல்போன் செயலி காட்டுகிற எண் பல நேரம் உங்கள் தெருவில் யாரும் அளந்ததே அல்ல, கணினி நிரல் கணக்கிட்டுத் தந்தது.

இந்த விதிகளில் நாலைந்து ஒரே இடத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லிபியாவின் எல் அஸீஸியாவை விடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. 1922 செப்டம்பர் 13-ல் அங்கே 58 டிகிரி பதிவானது. 90 ஆண்டுகள் அதுதான் பூமியின் உச்ச வெப்பம் என்று பதிவேட்டில் நின்றது. கடைசியில் லிபிய வானிலை மையத்தின் காலித் எல் ஃபத்லி பழைய பதிவேட்டின் மூலத்தாளைத் தேடி எடுத்தார். 2011 கலகத்தின் நடுவே அவரோடு தொடர்பே அற்றுப்போய், பிறகுதான் விசாரணை முடிந்தது. தாளைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்தது. 58 வருவதற்குச் சற்று முன்புதான் குறிப்பவர் மாறியிருக்கிறார், கையெழுத்து வேறு. புதியவர் உச்சத்தைக் குறிக்க வேண்டிய கட்டத்தில் தாழ்வையும், தாழ்வின் கட்டத்தில் உச்சத்தையும் எழுதியிருக்கிறார். கருவியோ பழைய பெல்லானி-சிக்ஸ் வகை வெப்பமானி. அதில் பாதரசம் ஒரு சிறிய ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும்; ஊசியின் கீழ்முனையைப் படிக்க வேண்டும். மேல்முனையைப் படித்தால் சுமார் 7 டிகிரி கூடிவிடும், ஏனென்றால் ஊசியின் நீளமே அவ்வளவு. நிலையம் நின்றது பாலைவனத்தின் இயல்பான மண்ணில் அல்ல, தார் போன்ற கருந்தளத்தின் மேல். சுற்றுவட்ட நிலையங்களோடும், அதே இடத்தில் பின்னால் எடுத்த அளவுகளோடும் 58 ஒத்துப்போகவே இல்லை. உலக வானிலை அமைப்பு 2012-ல், சரியாக அந்தச் செப்டம்பர் 13 அன்றே, அதை ரத்து செய்தது.

அதன் பிறகு முதலிடம் அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10-ல் பதிவான 56.7-க்குப் போனது. அதையும் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுச் சந்தேகிக்கும் வானிலையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் அதிகாரப்பூர்வமாக அது இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.

சாதனை விழுவது போலவே, தாமதமாக எழுந்தும் வரும். ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா புயல் 1996 ஏப்ரல் 10-ல் மணிக்கு 408 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சுக் காற்றை அடித்தது. கருவி கோளாறாக இருக்கும் என்ற ஐயத்தில் கிடந்த அந்த அளவு 2010-ல்தான் அங்கீகாரம் பெற்றது. அதுவரை முதலிடத்தில் இருந்தது அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டனில் 1934-ல் பதிவான 372.

மழைக்கு வருகிறேன். நம்மூரில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் அதிகம் குழம்புவது இதில்தான்.

1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். இந்திய நிலையங்களில் உள்ள சாதாரண மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், அதன் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம். அதாவது 1 மி.மீ. மழைக்கு உள்ளே 20 மில்லி விழும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான கணக்கில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. இந்த அளவுள்ள மானி ஒன்றில் அந்த மழை விழுந்தால் உள்ளே போவது 19 லிட்டர். மானிக்குள் வைக்கும் பாட்டில்களில் பெரியதே 10 லிட்டர்தான், அது 50 செ.மீ.க்கு நிரம்பிவிடும். ஆகவே அப்படி ஒரு நாளில் காலை ஒரு தடவை போய் அளந்துவிட்டு வர முடியாது. நடுவில் எடுத்து அளந்து, குறித்து, கொட்டி, மறுபடி வைக்க வேண்டும். ஊரே மூழ்கும்போது அதைச் செய்கிற மழைமானிப் பொறுப்பாளரின் வேலைக்கு நாம் இன்னும் சரியான மரியாதை தரவில்லை. அவர் போக முடியாத நாளில் பாட்டில் வழிந்திருந்தால் பதிவு உண்மை மழையைவிடக் குறைவாக இருக்கும். புனலில் இலை அடைத்தாலும் அப்படித்தான். பக்கத்தில் மரமோ மாடியோ இருந்தாலும் கணக்கு கெடும். தடையின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி மானி நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், காலை 8:30. இந்திய மழை நாள் காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் 8:30-க்கு முடிகிறது. நள்ளிரவுக்கு அல்ல. அதிகாலை 4 மணிக்குப் பிடித்து நண்பகல் வரை கொட்டிய மழை இரண்டு நாள் கணக்கில் பிளந்து போகும். அதே மழையைத் தொடர்ச்சியான 24 மணி நேரமாக எடுத்தால் வேறு எண் வரும். இரண்டு எண்ணும் சரியே. ஆனால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு 'சாதனை முறிந்தது' என்று எழுதுவது தப்பு. உலகச் சாதனைகளும் காலவரம்பைச் சொன்னால்தான் பொருள்படும். 24 மணி நேரத்துக்கு ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக், 1966 ஜனவரியில் 1,825 மி.மீ. 48 மணி நேரத்துக்குச் சிரபுஞ்சி, 1995 ஜூனில் 2,493 மி.மீ. 12 மாதத்துக்கும் சிரபுஞ்சிதான், 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மி.மீ. ஆண்டுச் சராசரியில் முந்தி நிற்பது பக்கத்து ஊரான மௌசின்ராம். 'உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம்' என்று கேட்டால் எந்தக் கால அளவுக்கு என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

வீட்டில் அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாளி வேண்டாம். வாளியின் வாய் அகலம், அடி குறுகல், அதனால் தண்ணீர் மட்டம் உண்மை மழையைவிடக் கூடுதலாகக் காட்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தைச் சமதளத்தில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை விட்டு விலக்கி வைத்து, அடியிலிருந்து ஸ்கேலால் அளந்தால் போதும்.

மலை உயரத்தை அளப்பது இன்னும் கடினம், அதன் வேர் நம் பரங்கிமலையில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10-ல் அங்கே தொடங்கி, மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாக 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை 100 அடி இரும்புச் சங்கிலியால் அளந்தார். பிறகு இமயம் வரை போன முக்கோணக் கணக்குகளுக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி. சங்கிலிக்கு நிழல் கட்டி, கூடவே வெப்பமானி வைத்திருந்தார்கள். காரணம், 10 டிகிரி சூடு கூடினால் இரும்பு நீள்வதால் 12 கிலோமீட்டரில் சுமார் ஒன்றரை மீட்டர் பிசகும். அந்தக் கவனத்தோடு தொடங்கிய அளவைப் பணியில்தான் ராதாநாத் சிக்தர் 1852-ல் எவரெஸ்ட்டை உலகின் உயரமான சிகரம் என்று கணக்கிட்டார். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். இது பனிமூடியோடு சேர்த்த உயரம். சீனா 2005-ல் பாறை வரை மட்டும் எடுத்த அளவு 8,844.43. அத்தனையும் கடல்மட்டத்திலிருந்து. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ எவரெஸ்ட்டைவிட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, பூமத்தியரேகையில் பூமி புடைத்திருப்பதால். அடியிலிருந்து நுனி வரை பார்த்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும், பாதிக்கு மேல் கடலுக்குள்.

மனிதர்களின் ஓட்டத்தில் விதி இன்னும் இறுக்கம். மாரத்தான் பாதையை வண்டி மீட்டரால் அளப்பதில்லை. நீளம் தெரிந்த ஒரு நேர்ச்சாலையில் சரிபார்த்த சைக்கிளின் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தி, வளைவுகளில் விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று 42 மீட்டர் கூட்டியும் விடுவார்கள். தொடக்கத்தைவிட முடிவு 42 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே நேர்தூரம் ஓட்டத்தின் பாதியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் முழுக்க முதுகுக் காற்று கிடைத்துவிடும். பாஸ்டன் பாதை இந்த இரண்டையுமே மீறுகிறது. அதனால்தான் 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02-ல் ஓடியும், அன்றைய உலகச் சாதனையான 2:03:59 அசையவில்லை. எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12-ல் வியன்னாவில் 1:59:40-ல் ஓடி முடித்ததும் சாதனைப் பதிவில் இல்லை. மாற்றி மாற்றி உள்ளே வந்த வேகத்துணை ஓட்டக்காரர்கள் 41 பேர், சைக்கிளில் வந்து கையில் கொடுத்த பானம், மற்ற போட்டியாளர் இல்லாத ஓட்டம். அந்த ஓட்டம் மனித உடலைப் பற்றிச் சொன்னது பெரிய செய்தி. அதை நான் எந்த வகையிலும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் ஓடிய 2:00:35-ஐ அதோடு ஒரே பட்டியலில் வைப்பது கிப்டமுக்கு நியாயம் செய்வதாகாது.

100 மீட்டரில் முதுகுக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனை கிடையாது. ஃப்ளாரன்ஸ் க்ரிஃபித் ஜாய்னர் 1988-ல் ஓடிய 10.49-க்குக் காற்றுமானி காட்டியது 0.0. அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறைத் தாண்டலில் இன்னொரு மானி 4.3 காட்டியது. அந்தச் சாதனை ரத்தாகவில்லை, சந்தேகமும் தீரவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு அழுத்தாதீர்கள், புகை தெரிந்ததும் அழுத்துங்கள். 100 மீட்டர் தாண்டிச் சத்தம் வர 0.3 நொடி ஆகும். அவ்வளவு நேரம் கணக்கில் குறைந்து, மாணவர் உண்மையில் ஓடாத வேகம் பதிவாகிவிடும்.

அரசியல் தலைமையில் கருவி கிடையாது, அங்கே சொல்லின் வரையறைதான் அளவுகோல். சிரிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலை 21-ல் உலகின் முதல் பெண் பிரதமரானார். பதவியேற்றபோது அவர் கீழவை உறுப்பினர் இல்லை. ஆகஸ்டில் செனட் உறுப்பினராக்கப்பட்டார். 'முதல் பெண் தலைவர்' என்று பொதுவாக எழுதினால் தப்பாகிவிடும், ஏனென்றால் இன்று ரஷ்யாவில் அடங்கிய துவா மக்கள் குடியரசில் கெர்தெக் அஞ்சிமா 1940-லேயே அரசுத் தலைவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்த முதல் பெண் ஜனாதிபதி என்றால் ஐஸ்லாந்தின் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், 1980. மூவருமே முதலாமவர்கள்தான், மூன்று வெவ்வேறு வரையறையில்.

நீண்ட ஆட்சியும் அப்படியே. பிரான்சின் பதினான்காம் லூயி 72 ஆண்டு 110 நாள் மன்னர். அரியணை ஏறியபோது வயது 4, ஆட்சியைத் தன் கையில் எடுத்தது 1661-ல். சுவாசிலாந்தின் இரண்டாம் சொபுசாவுக்கு 82 ஆண்டு, ஆனால் 1921 வரை ஆண்டது பாட்டி, நாடு சுதந்திரம் பெற்றது 1968-ல். இங்கே கலைஞர் கருணாநிதி போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றவர். 'போட்டியிட்ட' என்ற சொல்லை விடக் கூடாது, 1984-ல் அவர் நிற்கவில்லை. அந்தச் சொல்லைச் சேர்ப்பதால் சாதனை ஒரு துளியும் சிறுத்துவிடாது. யாரும் அசைக்க முடியாதபடி உறுதிப்படும்.

சில சாதனைகள், விதி மாறியதால் யாராலும் தொட முடியாமல் நிற்கின்றன. உவே ஹான் 1984-ல் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். அரங்கத்தின் எல்லையே போதாது என்ற நிலை வந்தது, ஈட்டி சரியாகக் குத்தி நிற்காமல் படுத்து விழும் தகராறுகளும் இருந்தன. 1986-ல் ஈட்டியின் எடைமையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளிப் பட்டியலைப் புதிதாகத் தொடங்கினார்கள். ரூஸ்வெல்ட் நான்கு முறை அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1951-ல் வந்த அரசியல் சட்டத் திருத்தம் இரண்டோடு நிறுத்திவிட்டது. நம் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தங்கள் கோரிக்கையைக் கவனிக்கச் சொல்லி விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு போட்ட போராட்டம் அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலும் தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். அந்த ஆண்டே அதை 5,000 ஆக்கினார்கள்.